வேப்பம்பூ சாத்தமுதும் ஒரு விருந்தாளிச் சிறுநீரகமும்

எதிர்ப்புச் சக்தி என்ற வார்த்தை காதில் விழுந்தாலே எனக்குச் சுள்ளென்று ஏறும். போன வாரம் புத்தூரில் ஒரு கடைக்குப் போனேன். பிஸ்கட் பாக்கெட்டில் எதிர்ப்புச் சக்தி, டீத்தூளில் எதிர்ப்புச் சக்தி, போதாக்குறைக்கு முறுக்குப் பொட்டலத்திலும் அதே. "முறுக்குக்கு எதுக்குங்க எதிர்ப்பு சக்தி, பல்லை எதிர்க்கவா?" என்று கேட்டேன். "டீச்சரம்மா, போடறவன் போடறான், நாங்க விக்கிறோம்" என்றார் கடைக்காரர். நான் டீச்சர் இல்லை. குரலை உயர்த்திப் பேசும் பெண்கள் எல்லாரும் அவருக்கு டீச்சரம்மாதான்.

நான் நர்ஸ். பெயர் லூர்துமேரி. வேலை பார்த்த காலத்தில் பெரும்பங்கு சிறுநீரக மாற்று வார்டில் போயிற்று. ஊரே எதை ஏற்றிக்கொள்ளத் துடிக்கிறதோ, அதை மாத்திரையால் தணித்து வைப்பதுதான் எங்கள் பிழைப்பு. ஓய்வு பெற்ற பிறகும் அவ்வப்போது வார்டை எட்டிப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. போன தடவை போயிருந்தபோது புதிதாகச் சேர்ந்த நர்ஸ் பிள்ளைகள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"சிஸ்டர், இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்ல வந்துருச்சு. வேற மருந்து சாப்பிடறீங்களான்னு கேட்டு, இல்லைன்னா ஒரு கட்டத்தைத் தட்டினா முடிஞ்சுது. நீங்க மட்டும் ஏன் ஒவ்வொருத்தர்கிட்டயும் உட்கார்ந்து சமையல் கதை கேட்டுக்கிட்டே இருந்தீங்க?"

நியாயமான கேள்விதான். வாயால் சொல்ல ஆரம்பித்தால் டியூட்டி மாறிவிடும் என்பதால் எழுதிவிடுகிறேன்.

படிப்பு, ஹாஸ்டல் சாம்பார், முதல் ஊசி போடும்போது கை நடுங்கியது, இதெல்லாம் எல்லா நர்சுக்கும் ஒரே கதை. அதை விடுங்கள். மன்னார்புரத்திலிருந்து பஸ் பிடித்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். டயாலிசிஸ் பிரிவில் இருந்த என்னை, "இந்தப் பொண்ணுக்கு வாய் இருக்கு, நோயாளிங்க பயப்படுவாங்க" என்று சொல்லி மாற்று அறுவைப் பிரிவுக்கு இழுத்துக்கொண்டவர் எங்கள் தலைவர். எல்லாரும் அவரைப் பெரிய டாக்டர் என்போம். ஆள் என்னவோ என் தோள் உயரம்தான்.

அவர் ரவுண்ட்ஸ் வருகிற அழகே தனி. நோயாளியின் முகத்தைப் பார்க்க மாட்டார். கட்டிலுக்கு அடியில் தொங்கும் சிறுநீர்ப் பையைத்தான் முதலில் குனிந்து பார்ப்பார். பிறகு நிமிர்ந்து, "என்ன, நம்ம விருந்தாளி சௌக்கியமா?" என்பார். விருந்தாளி என்றால் புதிதாக வைத்த சிறுநீரகம். அதன் பிறகுதான் வீட்டுக்காரருக்கு, அதாவது நோயாளிக்கு, வணக்கம்.

சிரிக்காதீர்கள். சிறுநீர் என்றால் மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எங்கள் வார்டில் அது வந்தால் திருவிழா. டயாலிசிஸில் கிடப்பவர்களில் பலருக்குச் சிறுநீர் வருவதே நின்றுபோயிருக்கும். ஒரு டம்ளர் தண்ணீரை நாள் முழுக்க நக்கி நக்கிக் குடிப்பார்கள். அப்படிப்பட்டவருக்கு ஆபரேஷன் முடிந்து, அந்தக் குழாயில் மஞ்சளாகச் சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கண் கலங்கும். ஒருதரம் சந்தோஷம் தாங்காமல் கைதட்டிவிட்டேன், பெரிய டாக்டரும் சேர்ந்து தட்டினார்.

இனி, நீங்கள் கேட்ட சமையல் கதை.

கொரோனா ஓய்ந்த சமயம். ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதிக்காரர் வரதன், ரயில்வே டிக்கெட் கவுண்டரில் வேலை. கல்யாணம் ஆகவில்லை. இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு, வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ். சிறுநீரகம் தர முன்வந்தவர் அவருடைய அக்கா கோதை மாமி. கணவர் போன பிறகு தம்பியோடுதான் குடித்தனம். அவருக்கு இவரும், இவருக்கு அவரும்தான் துணை.

பொருத்தம் பார்க்கிற வேலை எங்களிடம் பலபடி உண்டு. முதலில் ரத்த வகை. பிறகு திசுப் பொருத்தம்: நம் உடம்பின் ஒவ்வொரு அணுவும் இவன் நம்ம ஆள் என்று ஓர் அடையாளம் வைத்திருக்கும், அது இருவருக்கும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்ப்பார்கள். கடைசியாகக் கொடுப்பவரின் அணுக்களோடு வாங்குகிறவரின் ரத்தநீரைக் கலந்து வைத்துப் பார்ப்பார்கள். ரத்தநீர் அந்த அணுக்களைக் கொன்றால் ஆபரேஷன் கிடையாது. அக்கா, தம்பி என்பதால் மட்டும் பொருந்திவிடாது. துளிகூட ஒட்டாத கூடப்பிறந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இவர்களுக்கு எல்லாம் ஒட்டியது. முழுப் பொருத்தம்.

கோதை மாமிக்குத் தலைகால் புரியவில்லை. "எனக்கு ஜாதகத்துல பத்துக்கு ஏழுதான் இருந்தது. அதை வெச்சே முப்பது வருஷம் தள்ளினேன். இவனோட முழுசாப் பொருந்திடுத்து, பாருங்கோ" என்று லிஃப்ட் ஓட்டுகிறவர் வரை சொல்லிவிட்டார்.

"சின்ன வயசுல முழுப் பொருத்தமா அடிப்பா சிஸ்டர், அது எனக்குத்தான் தெரியும்" என்றார் வரதன்.

ஆபரேஷன் ஜம்மென்று நடந்தது. மூன்றாம் நாள் மாமியைச் சக்கர நாற்காலியில் தள்ளிவந்து கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிறுத்தினேன். உள்ளே வரதன் தன் சிறுநீர்ப் பையைத் தூக்கிக் காட்டினார், பரிசுக் கோப்பை வாங்கினவர் மாதிரி. மாமி கையெடுத்துக் கும்பிட்டார். பெருமாளையா, பையையா என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு அனுப்புமுன் பெரிய டாக்டர் ஒரு பரீட்சை வைப்பார். நோயாளி தன் மாத்திரைகளைத் துண்டில் பரப்பி, எது எதற்கு, எப்போது என்று சொல்ல வேண்டும். டாக்டர் குறுக்கே கலாட்டா செய்வார். "கல்யாண வீட்டுல இருக்கீங்க. இலை போட்டாச்சு. மாத்திரை பையில மறந்துட்டு வந்துட்டீங்க. என்ன பண்ணுவீங்க?" வரதன் அசரவில்லை. "இலையை மூடிட்டு ஆத்துக்குப் போவேன். பாயசத்தை அக்கா டப்பால வாங்கிண்டு வருவா" என்றார். முழு மார்க். பிறகு டாக்டர் அக்காவின் பக்கம் திரும்பி, "மாமி, வேற எந்த மருந்தும் கூடாது. நாட்டு மருந்து, லேகியம், கஷாயம் எதுவும் ஒரு சொட்டு கூடாது" என்றார். "கஷாயம்கிற பேச்சே எடுக்க மாட்டேன் டாக்டர்" என்று மாமி சத்தியம் செய்தார். பக்கத்தில் நின்ற நானே சாட்சி.

சில மாதங்கள் எல்லாம் சுகம். பிறகு ஒருநாள் வழக்கமான ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் ஏறியிருந்தது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு அது. ஏறினால் விருந்தாளிக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். வரதனுக்குக் கால் லேசாக வீங்கியிருந்தது. சிறுநீரும் குறைந்திருந்தது. உடனே சேர்த்தோம்.

பயாப்சி செய்தார்கள். மாற்றுச் சிறுநீரகத்தை அதன் பழைய இடத்தில் வைப்பதில்லை. அடிவயிற்றில் ஒரு பக்கமாக, தோலுக்குக் கீழே கைக்கு அகப்படுகிற மாதிரி வைப்பார்கள். அந்த இடத்தை மரக்கச் செய்து, ஸ்கேனில் பார்த்தபடி ஊசியைச் செலுத்தினால் டக்கென்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு எல்லாரும் திடுக்கிடுவார்கள் என்பதால் முன்னாலேயே எங்கள் இடுக்கிக் கிளிப்பை வைத்து அதே மாதிரி டக்கென்று சொடுக்கிக் காட்டிவிடுவேன். சேமியா இழை மாதிரி ஒரு துணுக்கு வரும். அப்புறம் அந்த இடத்தில் மணல் மூட்டை வைத்து, ஆளை அசையவிடாமல் படுக்க வைத்து, ஒவ்வொரு தடவை வரும் சிறுநீரையும் தனித்தனிக் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் வரிசையாக வைப்போம். ரத்தச் சிவப்பு குப்பிக்குக் குப்பி வெளுத்துக்கொண்டே போனால் நிம்மதி. வரதனுக்கு வெளுத்தது. ஆனால் பயாப்சி முடிவு எங்களை வெளுத்துவிட்டது.

வரதனின் உடம்பிலுள்ள காவல் அணுக்கள் கூட்டங்கூட்டமாக அக்காவின் சிறுநீரகத்துக்குள் புகுந்து குழாய்களைத் தாக்கிக்கொண்டிருந்தன. உடம்பு ஏற்றுக்கொள்ளவில்லை. முழுப் பொருத்தம் இருந்தாலும் ஒருவர் இன்னொருவர் ஆகிவிடுவதில்லை, அதனால்தான் மாத்திரை. ஆனால் மாத்திரையின் அளவு ரத்தத்தில் சரியாகவே இருந்தது. வரதன் ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. பெரிய டாக்டர் தாடையைத் தடவிக்கொண்டே நின்றார். அவர் விருந்தாளியைப் பற்றி விசாரிக்காத ரவுண்ட்ஸ் அதுதான்.

கோதை மாமிக்கு அது சாதாரண வருத்தமில்லை, அவமானம். "ஏத்துக்கலைன்னா என்ன அர்த்தம்? என்னோடதை வேண்டாங்கறதா இவன் உடம்பு?" என்றார்.

"நான் வேண்டாங்கலை அக்கா. உள்ள இருக்கறவா வேண்டாங்கறா" என்றார் வரதன்.

"உள்ள இருக்கறவாளுக்கு யாருடா சோறு போடறா?"

சோறு போட்டது மாமிதான். வரதன் வெளிச் சாப்பாட்டைத் தொட மாட்டார் என்பதால், சுடச்சுடச் சமைத்து மூடிக் கொண்டுவந்தால் சரி என்று டாக்டர் அனுமதித்திருந்தார். தினமும் ஸ்ரீரங்கத்திலிருந்து ஆட்டோவில் காவிரிப் பாலம் தாண்டி வந்துவிடும் அந்த எவர்சில்வர் கேரியர்.

காவல் அணுக்களை அடக்க ஸ்டீராய்டு மருந்தை டிரிப்பில் ஏற்றினோம். வழக்கமாக இரண்டு, மூன்று நாளில் கிரியாட்டினின் இறங்க ஆரம்பிக்கும். இவருக்கு இறங்கவில்லை. அடுத்தது மிகக் கடுமையான ஊசி ஒன்று. போட்டால் உடம்பில் எதிர்ப்பே மிச்சமிருக்காது, சாதாரணச் சளிகூட ஆளைக் கொண்டுபோகலாம். போடாவிட்டால் சிறுநீரகம் போய்விடும். மறுபடி டயாலிசிஸ், மறுபடி அந்த ஒரு டம்ளர் தண்ணீர். கொடுக்க மாமியிடம் இன்னொன்று இல்லை, அதாவது கொடுக்கக்கூடியதாக இல்லை. "நாளைக்கு ரிப்போர்ட் பார்த்துட்டு முடிவு பண்ணுவோம்" என்றார் பெரிய டாக்டர்.

அன்றைக்குப் பார்த்து எனக்கு ஜலதோஷம். தும்மல் போட்ட நர்ஸ் மாற்று வார்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்பது எங்கள் சட்டம். மாஸ்க்கைக் கட்டி என்னை வெளியே வராந்தாவில் உட்கார்த்திவிட்டார்கள். ஒரு நோயாளிக்கு நெருக்கடி, நான் வாசலில் மூக்குச் சிந்திக்கொண்டிருக்கிறேன். எரிச்சல் எரிச்சலாக வந்தது.

மாமி கேரியரோடு வந்தார். என்னைப் பார்த்தவுடன் பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கேரியரைத் திறந்தார்.

"என்ன சிஸ்டர், மூஞ்சி இப்படிச் சிவந்திருக்கு? இந்தாங்கோ, ஒரு டம்ளர் சாத்தமுது சூடாக் குடிங்கோ. ஜலதோஷம் எங்க போச்சுன்னு தேடுவேள்."

சாத்தமுது என்றால் ரசம்தான். ஸ்ரீரங்கத்தில் அவர்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். வாங்கிக் குடித்தேன். வேப்பம்பூ சாத்தமுது. நெய்யில் வறுத்த வேப்பம்பூ மிதந்தது. மணம் அபாரம், சளி அடைத்த மூக்கிலும் ஏறியது. கசப்பு மட்டும் கொஞ்சம் ஓவர். எங்கள் வீட்டிலும் வேப்பம்பூ ரசம் வைப்பதுண்டு, இந்தக் கசப்பு தொண்டையைத் தாண்டி நின்றது.

"வேப்பம்பூ நிறையப் போட்டுட்டீங்களா மாமி?"

"பூ கொஞ்சம்தான். சீந்தில் கொடி போட்டிருக்கேன், நன்னா நசுக்கி. திருவெள்ளறைலேர்ந்து தருவிச்சது, வேப்பமரத்துல ஏறின கொடி. அதுதான் உசத்தி. எதிர்ப்பு சக்திக்கு அதை மிஞ்சி ஒண்ணு கிடையாது" என்றார் மாமி, பெருமையாக.

டம்ளர் கையிலேயே நின்றுவிட்டது. "வரதன் சாருக்கும் இதுவா?"

"அவனுக்குத்தானே பண்றேன். ஆபரேஷன் ஆன உடம்பு, எதிர்ப்பு சக்தி வேண்டாமா? முதல்ல ரெண்டு நாளைக்கு ஒருதரம் பண்ணிண்டிருந்தேன். இப்போ உடம்பு படுத்தறதேன்னு தினமும்."

"மாமி, கஷாயம் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே."

மாமிக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "நான் எங்க கஷாயம் குடுத்தேன்? சத்தியம் பண்ணிட்டு மீறுவேனா? ஒரு சொட்டு கஷாயம் குடுக்கலை சிஸ்டர். சாத்தமுதுதான் குடுத்தேன்."

நான் வார்டு வாசலில் நின்று பெரிய டாக்டரைக் கூப்பிட்ட குரல் கீழே மருந்துக் கடை வரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

அவர் வந்தார். விஷயத்தைக் கேட்டார். நான் என்றால் கத்தியிருப்பேன். அவர் மாமியின் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் ஒரு டம்ளர் குடுங்க" என்றார். ஒரு வாய் குடித்துவிட்டு, "பூ பதமா வறுத்திருக்கீங்க" என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"மாமி, உங்க தெருவுல புது ஆள் ஒருத்தர் வந்தா, யார் வீட்டுக்குன்னு விசாரிப்பீங்களா?"

"விசாரிக்காம விடுவமோ?"

"உடம்புக்குள்ளயும் அப்படி விசாரிக்கிறவங்க இருக்காங்க. நம்ம ஆள் இல்லைன்னா அடிச்சுத் துரத்திடுவாங்க. அதுதான் எதிர்ப்பு சக்தி. கிருமி வந்தா அது நல்லது. ஆனா உங்க தம்பி உடம்புல இப்ப வந்திருக்கிற புது ஆள் யாரு?"

மாமி யோசித்தார். "என்னோடது."

"அப்ப அந்தச் சக்தி யாரை எதிர்க்குது?"

 மாமி கேரியரின் மூடியை எடுத்து மூடினார்.  "என்னை அடிக்கறதுக்கு நானே ஆள் சேத்து, சோறும் போட்டு அனுப்பிருக்கேன்" என்றார். குரல் உடைந்துவிட்டது.  இவ்வளவு அன்பாக ஒருத்தி தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டதை நான் பார்த்ததில்லை.

"இதுதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். சில சமயம் காரணமே இல்லாமயும் இப்படி ஆகும். ஆனா இது இன்னையோட நிக்கணும்" என்றார் டாக்டர். "தப்பு எங்க கேள்வியில மாமி. மருந்தைக் கேட்டோம், சாப்பாட்டைக் கேட்கலை."

கடுமையான ஊசியை ஒரு நாள் தள்ளிப்போட்டுப் பார்ப்பது என்று முடிவாயிற்று. சீந்தில் நின்றது. டிரிப் தொடர்ந்தது. வரதனிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் கட்டிலில் கிடந்தபடியே சிரித்தார். "கசக்கறதேன்னு சொன்னேன் சிஸ்டர். வேப்பம்பூன்னா கசக்காம இனிக்குமோன்னு தலைல குட்டினா" என்றார். மாமி அன்று இரவு ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை என்று பிறகு தெரிந்தது.

மறுநாள் கிரியாட்டினின் ஏறவில்லை. அதற்கு மறுநாள் கொஞ்சம் இறங்கியது. பிறகு மளமளவென்று இறங்கியது. என் ஜலதோஷம் போய் வார்டுக்குள் நுழைந்தபோது பெரிய டாக்டர் குனிந்து பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். "என்ன வரதன், நம்ம விருந்தாளி சௌக்கியமா?" என்றார். நான் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்த ஊசி கடைசிவரை தேவைப்படவில்லை.

அன்று முதல் எங்கள் வார்டில் கேள்வி மாறியது. மருந்து சாப்பிடறீங்களா என்று கேட்பதில்லை. காலையில் கண் விழித்ததிலிருந்து படுக்கப் போகும் வரை வாய்க்குள் போகிறது எல்லாவற்றையும் சொல்லுங்கள் என்போம். கேட்டுப் பாருங்கள், தெரியும். கோயில் தீர்த்தம் கணக்கில் வராது. தர்காவில் ஓதிக் கொடுத்த தண்ணீர் கணக்கில் வராது. எங்கள் ஆட்கள் மட்டும் சளைத்தவர்களா, மாதா கோயில் மந்திரித்த தண்ணீரைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவார்கள். பிள்ளை பெற்ற வீட்டு லேகியத்தில் ஒரு உருண்டை, பக்கத்து வீட்டுச் சூப்பில் ஒரு கிண்ணம், எதுவும் யாருக்கும் மருந்தும் இல்லை, சாப்பாடும் இல்லை. அதனால்தான் பிள்ளைகளா, கட்டத்தைத் தட்டுவதற்கு முன்னால் உட்கார்ந்து சமையல் கதை கேளுங்கள்.

நான் ஓய்வு பெற்றபோது மாமி என்னை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். ஆபரேஷன் நடந்த தேதியை அந்த வீட்டில் சிறுநீரகத்தின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். நான் போனது அந்த நாளில். அக்காரவடிசில் நெய்யில் மிதந்தது. சாத்தமுதுப் பாத்திரத்தோடு வந்த மாமி, கரண்டியைத் தூக்கிப் பிடித்து, "மிளகு, சீரகம், புளி, பருப்பு ஜலம், பெருங்காயம், கருவேப்பிலை, கொத்தமல்லி, நெய். அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுத்தான் ஊற்றினார்.

"தினமும் இதே பாட்டு சிஸ்டர். சொல்லி முடிக்கறதுக்குள்ள சாத்தமுது ஆறிடறது" என்றார் வரதன்.

"ஆறினா ஆறட்டும்" என்றார் மாமி.

வரதன் இரண்டு தடவை வாங்கிக் குடித்தார். அதன் மேல் ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து, நிறுத்தாமல், கடகடவென்று குடித்து முடித்தார். பிறகு இலையை மூடிவிட்டு எழுந்தார். "இதோ வந்துடறேன்" என்று கொல்லைப் பக்கம் நடந்தார்.

குளியலறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. மாமி கரண்டியைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். நானும் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு காது கொடுத்தேன். மாமியின் இன்னொரு கை தானாகத் தன் இடது விலாவுக்குப் போயிற்று, அவரிடமிருந்து எடுத்த பக்கம்.

"என்னோடது வேலை பண்றது, கேட்டேளோ" என்றார் மெல்ல. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் வரதன் உள்ளேயிருந்து, "அங்க என்ன சிரிப்பு?" என்று அதட்டினார்.